கையெழுத்துப் போடாத 31 பேர்

சர்வகலாசாலைக்குப் பணம் கொடுப்பது யார்? சர்க்கார். சர்க்காருக்குப் பணம் ஏது? நீங்களும் நானும் கட்டுகிற வரி. அப்படியிருக்க, நம் பணத்தில் சம்பளம் வாங்கும் ஒரு புரொபஸர், இந்த அமைப்பையே அடியோடு கவிழ்க்கவேண்டும் என்ற கொள்கையுடையவராக இருந்தால்? "அவரை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் மானியம் கிடையாது" என்று சர்க்கார் சொன்னால் அதில் என்ன தப்பு?

கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத்தான் தோன்றுகிறது. கத்தரிக்காய் வாங்கப் போகிறவன்கூடக் கூடையைக் கிளறிச் சொத்தையைத் தள்ளிவிட்டுத்தானே காசை எடுக்கிறான்! ஆனால் இந்த நியாயத்தை ஒரு தேசம் உண்மையாகவே நடத்திப் பார்த்தது. சொத்தையைப் பொறுக்குவதாகக் கையை விட்டவர்கள் கடைசியில் எதை எடுத்து வெளியே எறிந்தார்கள் என்பது ருசிகரமான கதை. கொஞ்சம் வருத்தமான கதையும்கூட.

அந்தத் தேசம் அமெரிக்கா. பழைய சங்கதிதானே என்று தள்ளிவிட வேண்டாம். 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க மத்திய சர்க்கார், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குரிய 40 கோடி டாலர் மானியங்களையும் ஒப்பந்தங்களையும் ரத்துச் செய்தது. காஸா யுத்தத்தையொட்டிக் கிளர்ச்சிகள் நடந்தபோது யூத மாணவர்களைத் தொல்லையிலிருந்து நிர்வாகம் காப்பாற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. கொலம்பியா பணிந்தது. மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா, ஆப்பிரிக்கா பற்றிப் போதிக்கும் இலாகாவை மேற்பார்வையிட ஓர் உயர் அதிகாரியை வைப்பதாக ஒப்புக்கொண்டது. ஜூலையில் 20 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாகச் சொல்லி ராஜி செய்துகொண்டது. ஹார்வர்டோ பணிய மறுத்தது. அதற்கு 220 கோடி டாலர் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் நீதிபதி அலிசன் பரோஸ் அந்த நிறுத்தம் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். சர்க்கார் அப்பீலுக்குப் போவதாக அறிவித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோஷம் போட்டவர்கள் ஒரு பக்கம்; நின்றுபோன பணமோ பெரும்பாலும் வைத்திய ஆராய்ச்சிக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் உரியது. சோதனைச் சாலையில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறவருக்கும் வெளியே நடந்த கூச்சலுக்கும் என்ன சம்பந்தம்? பணப்பையால் அடிப்பதில் இதுதான் தொல்லை. அடி ஆளைப் பார்த்து விழுவதில்லை.

நிற்க. இந்த முறைக்கு மூலபுருஷர்களைத் தேடி 1949-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும். ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் பனிப்போர் மூண்டுவிட்ட காலம் அது. எங்கே பார்த்தாலும் கம்யூனிஸ்டு பயம்.

பாட்டுக்காரரின் மசோதா

கலிபோர்னியா ராஜ்யத்தின் ஸெனட்டில் ஜாக் டென்னி என்று ஓர் அங்கத்தினர் இருந்தார். அவர் ஆதியில் சங்கீதக்காரர். 'மெக்ஸிகாலி ரோஸ்' என்று அந்த நாளில் ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். அரசியலுக்கு வந்த பிறகு வேறு ராகம் பிடித்துக்கொண்டார். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கும் சட்டசபைக் கமிட்டிக்குத் தலைவரானார். 1949 தொடக்கத்தில் ஒரு கத்தை மசோதாக்களுடன் சபைக்கு வந்தார். சர்வகலாசாலை ஊழியர்களின் ராஜ விசுவாசத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை அதன் நிர்வாக சபையிடமிருந்து எடுத்துச் சட்டசபையிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கலிபோர்னியா சர்வகலாசாலை பெரிய ஸ்தாபனம். பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலிஸ் என்று பல இடங்களில் கிளைகள். வருஷா வருஷம் அதற்குச் சட்டசபை படியளந்தாக வேண்டும். தலைநகரான ஸாக்ரமெண்டோவில் அங்கத்தினர்களைக் கண்டு பேசி, பட்ஜெட்டைப் பழுதில்லாமல் நிறைவேற்றிக்கொண்டு வருவது ஜேம்ஸ் கார்லி என்ற அதிகாரியின் வேலை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் கைவைப்பதற்கு முன்னால் நாமே ஒரு பிரமாணத்தை ஏற்படுத்திவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று.

அந்தச் சமயத்தில் இன்னும் இரண்டு சில்லறைத் தகராறுகள். வாஷிங்டன் ராஜ்யத்துச் சர்வகலாசாலையில் கம்யூனிஸ்டு என்பதற்காக ஜனவரியில் வேலை இழந்த ஹெர்பர்ட் பிலிப்ஸ் என்ற தத்துவ ஆசிரியரை, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விவாதத்துக்கு அழைத்துவிட்டார்கள். லண்டனிலிருந்து ஹெரால்டு லாஸ்கியையும் பிரசங்கத்துக்குக் கூப்பிட ஏற்பாடு நடந்தது. நம் கிருஷ்ண மேனனுக்கு ஆசானாக இருந்தாரே, அதே லாஸ்கிதான். நிர்வாக சபையில் சிலருக்கு முகம் சிவந்தது. லாஸ்கியின் பிரசங்கம் நடக்கவில்லை.

1949 மார்ச் 25-ந் தேதி நிர்வாக சபை கூடியபோது, சர்வகலாசாலைத் தலைவர் ராபர்ட் கார்டன் ஸ்ப்ரௌல் தாமாகவே அந்தப் பிரமாணத்தைப் பிரேரேபித்தார். யாரும் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சில வீடுகளில், கொத்துச் சாவி இடுப்பிலிருக்கும் மாமியார் வாயைத் திறக்கு முன்பே மருமகள் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள் அல்லவா? அந்த மாதிரிதான். சாவி அசைகிற சத்தமே போதும்.

"நான் கம்யூனிஸ்டுக் கட்சியின் அங்கத்தினன் அல்ல" என்ற கருத்தில் ஓர் உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷத்துக்குச் சம்பளம். ஆசிரியர்களுக்கு விஷயம் எட்டியதே சில வாரங்கள் கழித்துத்தான்.

துப்பாக்கி பிடித்த புரொபஸர்

இப்படி ஒரு பிரமாணம் வந்தால் அதை எதிர்ப்பவர்கள் யாராக இருப்பார்கள்? கம்யூனிஸ்டுகள் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் வேடிக்கை. ரகசியமாகக் கட்சியில் இருக்கிறவனுக்குப் பொய்க் கையெழுத்துப் போடுவது ஒரு பிரமாதமா? சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவான். மறுத்தவர்கள் வேறு ரகம்.

எர்னஸ்ட் காண்டரோவிச் என்று ஒரு சரித்திர ஆசிரியர். ஜெர்மனியில் பிறந்த யூதர். முதல் மகா யுத்தத்தில் ஜெர்மன் சைன்யத்தில் சண்டையிட்டவர். யுத்தம் முடிந்ததும் 1919-ல் மூனிச் நகரில் சிவப்பு ஆட்சி ஏற்பட்டபோது அதை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிக் காயம் பட்டவர். பிற்பாடு பிராங்க்பர்ட்டில் புரொபஸராக இருந்தார். ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பதவியை இழந்தார். 1938-ல் உயிர் தப்பி ஓடி, மறு வருஷம் பெர்க்கிலிக்கு வந்து சேர்ந்தார்.

கம்யூனிஸ்டுகளைச் சுட்ட மனிதரிடம் "நான் கம்யூனிஸ்டு அல்ல" என்று எழுதிக் கொடு என்றார்கள். முடியாது என்றுவிட்டார்! ஆசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து, முதல் பிரமாணம் எப்பொழுதும் சாதுவாகத்தான் இருக்கும், அதற்குப் பின்னால் வருவதைத்தான் தாம் கண்ணால் பார்த்திருப்பதாக எச்சரித்தார்.

மறுத்தவர்களுக்கு முன்னணியில் நின்றவர் எட்வர்டு டோல்மன். மனோதத்துவப் புலி. சிக்கலான சந்துபொந்துகளைப் பலகையில் அமைத்து அதற்குள் எலிகளை ஓடவிட்டு, எலிக்கும் மண்டைக்குள்ளே ஒரு வரைபடம் உண்டு என்று உலகத்துக்குச் சொன்னவர். 1918 முதல் பெர்க்கிலியில் போதித்து வந்தவர். அப்போது வயது அறுபதுக்கு மேல். குடும்பமும் குழந்தையுமாகக் கஷ்ட ஜீவனம் நடத்தும் இளைஞர்களிடம் அவர், "நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், சமாளிக்கக்கூடிய நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம்" என்ற தோரணையில் புத்தி சொன்னாராம். எனக்கு அவருடைய எலி ஆராய்ச்சியைவிட இது பெரிதாகப் படுகிறது. மற்றவர்கள் வீட்டு அடுப்பை அணைத்துத் தன் கொள்கையை வளர்க்க அவர் விரும்பவில்லை.

சண்டை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1950 பிப்ரவரியில் நிர்வாக சபை, கையெழுத்துப் போடு அல்லது வெளியேறு என்றது. பிறகு சமரசமாக, போடாதவர்கள் சக ஆசிரியர்களின் கமிட்டி முன் ஆஜராகி விளக்கம் சொல்லலாம் என்றது. பலர் போய்ச் சொன்னார்கள். இவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி சிபாரிசும் செய்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜூன் மாதம் கொரியா யுத்தம் மூண்டது. சபையில் ஜான் நெய்லன் என்ற பெரிய வக்கீல், ஆரம்பத்தில் பிரமாணமே வேண்டாம் என்றவர், இப்போது பிரமாணத்துக்குப் பிரதான காவலராகிவிட்டார்.

1950 ஆகஸ்டு 25-ந் தேதி வோட்டெடுப்பு. 31 ஆசிரியர்களை நீக்குவதற்கு ஆதரவாக 12, எதிராக 10. எதிர்த்தவர்களில் ஒருவர் ராஜ்யத்தின் கவர்னர் ஏர்ல் வாரன். ஜப்பானுடன் நடந்த பஸிபிக் யுத்தத்தில் கடற்படையை நடத்தி வென்ற அட்மிரல் நிமிட்ஸும் ஆசிரியர்கள் பக்கம் நின்ற நிர்வாக சபையினரில் ஒருவர். அவரை யார் சிவப்பு என்று சொல்ல முடியும்?

இந்த 31 பேரில் கம்யூனிஸ்டு என்று ஒருவர் மீதாவது குற்றச்சாட்டு உண்டா? கிடையாது. நீக்கியவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். இப்போது விவகாரம் கம்யூனிஸம் அல்ல, சபை இட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படிவதுதான் என்றார்கள். கூடையைக் கிளறினார்கள் என்று முதலில் சொன்னேனே, அதன் பலன் இதுதான்.

இவ்வளவும் செய்து சட்டசபையைத் தடுக்க முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அதே வருஷம் அக்டோபரில் லெவரிங் சட்டம் வந்தது. ராஜ்யத்தின் சிப்பந்திகள் எல்லோரும் பிரமாணம் எடுக்கவேண்டும். அதில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? கவர்னர் வாரன்! மனித சுபாவம் அப்படி. 1952-ல் ராஜ்ய சுப்ரீம் கோர்ட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரமாணம் இருக்கும்போது சர்வகலாசாலைக்கு மட்டும் தனியாக வேறொன்று செல்லாது என்று சொல்லி, நீக்கப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள்.

கவர்னருக்கு ஒரு ரிப்போர்ட்டு

கலிபோர்னியாவில் பணப்பை மறைவில் இருந்தது. பென்ஸில்வேனியாவில் அதை மேஜை மேலேயே வைத்துவிட்டார்கள். ஸெனட்டர் பெக்கன் கொண்டுவந்து 1951-ல் நிறைவேறிய சட்டம் அது. ராஜ்ய மானியம் பெறும் ஒவ்வொரு கல்லூரியின் தலைவரும் கவர்னருக்கு ஒரு ரிப்போர்ட்டு அனுப்ப வேண்டும். நாசவேலைக்காரர்கள் தம் ஸ்தாபனத்தில் இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க என்ன முறை வைத்திருக்கிறார், இருந்தால் அவர்களை நீக்க என்ன செய்கிறார் என்று அதில் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டு வராவிட்டால் பணம் வராது.

இதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஆசிரியர்களிடம் சர்க்கார் ஒன்றுமே கேட்கவில்லை. வேவு பார்க்கிற வேலையைக் கல்லூரித் தலைவர் தலையில் கட்டிவிட்டது. அவர் என்ன செய்வார், பாவம்! ஆயிரக் கணக்கான பிள்ளைகளின் படிப்பு ஒரு தட்டில். சந்தேகத்துக்குரிய ஓர் ஆசிரியர் மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும்?

பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் சர்வகலாசாலையில் தத்துவ இலாகாத் தலைவராக இருந்தவர் பாரோஸ் டன்ஹாம். 1953 பிப்ரவரியில் மத்தியக் காங்கிரஸ் கமிட்டி அவரை விசாரணைக்கு அழைத்தது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் சொன்னார். அதற்கு மேல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மறுத்தார். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் ஒரு காலத்தில் கட்சியில் இருந்தது உண்மை. விலகிச் சில வருஷங்கள் ஆகியிருந்ததும் உண்மை. டெம்பிள் அவரை முதலில் சஸ்பெண்டு செய்தது, அப்புறம் நீக்கியது. காங்கிரஸை அவமதித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 1955-ல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். கோர்ட்டில் ஜெயித்தவருக்குக் கல்லூரியில் நாற்காலி இல்லை.

தெருவில் போகிறவர் கையில் என்ன புத்தகம்?

மூன்றாவது இடம் நியூயார்க் ராஜ்யத்தின் பபலோ நகரம். அங்கிருந்த சர்வகலாசாலை தனியாருடையது; 1962-ல் அது ராஜ்ய சர்வகலாசாலையுடன் இணைந்தது. ராஜ்யத்தின் பணத்தோடு கூடவே ராஜ்யத்தின் சட்டமும் சீதனமாக வந்து இறங்கிற்று. 1949-ல் செய்த பைன்பர்க் சட்டம் அது. அதன்படி ஆசிரியர்கள் ஒரு சர்ட்டிபிகேட்டில் கையெழுத்திட வேண்டும்: தாம் கம்யூனிஸ்டு அல்ல; முன்பு இருந்திருந்தால் அதைத் தலைவருக்குத் தெரிவித்தாகிவிட்டது.

ஹாரி கெயிஷியன் என்ற இளம் ஆங்கில ஆசிரியரும் இன்னும் சிலரும் மறுத்தார்கள். ஒருவர் கவி, நூல் நிலையத்தில் வேலை பார்த்தவர். கெயிஷியனின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்கு நியூயார்க்கிலிருந்து தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. இதே சட்டத்தை 1952-ல் அந்தக் கோர்ட்டே செல்லும் என்று சொல்லியிருந்தது. 1967 ஜனவரி 23-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் மாற்றிச் சொன்னது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன் கேட்ட ஒரு கேள்வி ரஸமானது. தெருவில் ஒருவர் கம்யூனிஸ்டு அறிக்கைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அவர் அராஜகத்தைப் பிரசாரம் செய்ததாகுமா? இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஆகும் என்றும் சொல்லலாம், ஆகாது என்றும் சொல்லலாம். அப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் வகுப்பு நடத்துகிற ஆசிரியர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார். நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கும் அதில் ஒரு பதில் இருந்தது. சர்க்கார் உத்தியோகம் சர்க்கார் போடும் பிச்சை, ஆகையால் எந்த நிபந்தனையையும் சேர்த்துப் போடலாம் என்ற வாதத்தைக் கோர்ட்டு நிராகரித்தது.

அந்த ஐந்து நீதிபதிகளில் ஒருவர், 1953-ல் பிரதம நீதிபதியான ஏர்ல் வாரன். பழைய கலிபோர்னியா கவர்னர்தான்.

எதிர்க் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். சிட்னி ஹூக் என்ற தத்துவ ஆசிரியர் அந்நாளில் பலமாக ஒரு வாதம் செய்தார். மாறுபட்ட கொள்கை வேறு, சதி வேறு. கட்சிக் கட்டளைக்கு அடிமைப்பட்டவன் உண்மையைத் தேடும் ஆசிரியனாக இருக்க முடியாது என்றார். லேசில் தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல இது. கட்சிக்காரர்கள் சிலர் ரகசியமாக இயங்கியதும், மாஸ்கோவில் காற்றடித்தால் இங்கே தும்மியதும் பொய்யில்லை. ஆனால் இந்த வாதத்தை எந்த இடத்தில் வைத்துப் பரிசோதிப்பது? வகுப்பறையில் அல்லவா? மேலே சொன்ன பிலிப்ஸ், பாடம் தொடங்கும்போதே தாம் மார்க்ஸியவாதி, அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று மாணவர்களை எச்சரிப்பது வழக்கம். அவ்வளவு பகிரங்கமாக இருந்தவருக்கு மறுபடி ஆசிரியர் வேலை கிடைக்கவே இல்லை.

மாணவனை மிரட்டுகிற ஆசிரியர் இருக்கலாம். தன் கட்சியைச் சேராதவனுக்கு மார்க்கைக் குறைக்கிறவர் இருக்கலாம். மதத்தையோ இனத்தையோ சொல்லி ஒரு பிள்ளையை வகுப்பில் குறுகிப்போக வைக்கிறவரும் இருக்கலாம். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, குற்றத்தைச் சொல்லி, பதிலைக் கேட்டு, ருசுவானால் வீட்டுக்கு அனுப்ப ஒரு கல்லூரிக்குச் சக்தி வேண்டும். அனுப்பாமல் மழுப்புகிற நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வரி கொடுப்பவனுக்கு உரிமையும் உண்டு. பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு "ரிப்போர்ட்டு எங்கே?" என்று கேட்கும்போது வேறொன்று நடக்கிறது. நிர்வாகம் குற்றவாளியைத் தேடுவதில்லை. ரிப்போர்ட்டில் போட ஒரு பெயரைத் தேடுகிறது. அகப்படுகிறவர் பெரும்பாலும் ஒளிய மாட்டேன் என்று நின்றவராகவே இருக்கிறார்.

காண்டரோவிச் 1951-ல் பிரின்ஸ்டனிலுள்ள உயர்கல்வி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விட்டார். 1957-ல் அங்கிருந்து, ராஜாவுக்கு இரண்டு சரீரங்கள் என்ற மத்திய காலத்துக் கொள்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைச் சரித்திர மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். டன்ஹாமுக்கு 1981-ல் டெம்பிள் சர்வகலாசாலை கௌரவப் புரொபஸர் பதவியும் ஆயுள் பென்ஷனும் அளித்தது. நீக்கி 28 வருஷங்கள் ஆகியிருந்தன. டோல்மன் 1959-ல் காலமானார். பெர்க்கிலியில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பூகம்பத்தைத் தாங்காது என்று 2019-ல் அதை இடித்துவிட்டார்கள்.

அந்த 31 பேரில் ஒருவரைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் பௌதிகம் போதித்த டேவிட் சாக்ஸன். நீக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பது. 1952 தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்தார். 1975-ல் ஸ்ப்ரௌல் உட்கார்ந்திருந்த அதே ஸ்தானத்தில், முழுக் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கும் தலைவராக அமர்ந்தார். 1983 வரையில் இருந்தார். ஸாக்ரமெண்டோவிடம் வருஷா வருஷம் பணம் கேட்பதும் அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்ததுதான்.